நான் அச்சடித்த சட்டம்

சட்டம் போடுவதற்கு டெல்லியில் பெரிய கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் ஒரு சட்டம் போட்டது கோயமுத்தூரில், ஒரு சந்துக்குள் இருந்த அச்சாபீசில், நின்ற வாக்கிலேயே. மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்தச் சட்டம் நான்கு வருஷம் அமலில் இருந்தது. வெகு நாள் ஒரு ஆள்கூட அதை எதிர்த்துப் பேசவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பெருமையடித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், இது என் மானம் போகிற சமாச்சாரம்.

அப்போது நான் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பத்துப் படுக்கை, ஒரு டாக்டரம்மா, மூன்று நர்ஸ், ஓர் ஆயா, அப்புறம் நான். டோக்கன் கொடுப்பது, சீட்டு எழுதுவது, ஃபாரத்தில் கையெழுத்து வாங்குவது என் வேலை. அன்னூரிலிருந்து காலை பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவுடன் எனக்கு ஒரு கெத்து வந்துவிடும். வீட்டில் மாமியார், கணவர், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகன் ஆகிய மூன்று பேரும் என் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை. இங்கே எல்லாரும் கேட்டார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி எழுந்து நின்று கேட்பாள். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "உக்காருங்க, கூப்புடுவேன்" என்று நான் சொல்கிற தோரணை இருக்கிறதே, கலெக்டர் தோற்றுப் போவார்.

கருக்கலைப்புக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கென்று ஒரு சம்மத ஃபாரம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது தீர்ந்துபோனது. டாக்டரம்மா ஒரு பழைய ஃபாரத்தைக் கொடுத்து, "இதே மாதிரி அடிச்சுட்டு வா" என்றார். அச்சாபீஸ்காரர் எழுத்துக் கோத்து ஒரு தாள் ஓட்டிக் காட்டினார். கீழே இடது பக்கம் 'பெண்ணின் கையொப்பம்' என்று இருந்தது. வலது பக்கம் ஒன்றும் இல்லை.

"ஏனுங்க அம்மணி, இந்தப் பக்கம் மொட்டையா இருக்குதுங்களே. ஏதாச்சும் போட்டா எடுப்பா இருக்குமுங்க" என்றார் அவர்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. பெண் வீட்டார் பேரை மட்டும் போட்டு மாப்பிள்ளை வீட்டாரை விட்டுவிட்ட கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. "கணவர் கையொப்பம்னு போட்டுருங்க" என்றேன். அவர் நேர்த்தியாகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். பார்க்க நன்றாகவே இருந்தது.

டாக்டரம்மா புது ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, "இதென்ன புதுசா?" என்று கேட்டார். "நாளைக்கு எவனாவது வந்து சத்தம் போட்டான்னா நமக்குப் பாதுகாப்புங்க டாக்டர்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அதுவும் சரிதான்" என்றார். வெளியே ஏகப்பட்ட பேர் காத்திருந்தார்கள், அவருக்கு அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. ஆறே மாதத்தில் அது நான் சேர்த்தது என்பதே எனக்கு மறந்து போனது. அடுத்த வருஷம் யாராவது கேட்டால், "சட்டமுங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன், அப்போதுதான் அரசாங்கம் பேசுகிற மாதிரி இருக்கும்.

கருக்கலைப்பு பாவமா, பெண்ணின் உரிமையா என்று எனக்கு ஒரு கருத்தும் கிடையாது. இரண்டு கையெழுத்தும் இருந்தால் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் போக முடியாது. ஒரு தடவை ஒரு மனிதர் வந்தார். உட்காரும் முன்பே வலது பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அடுத்ததும் பெண் என்று எங்கேயோ டெஸ்ட் எடுத்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். அவர் மனைவி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்கு இது இருக்கட்டும்னு தோணுதுங்க" என்று என்னிடம்தான் சொன்னாள். அவர் அவள் முழங்கையைத் தொட்டார், அவள் போட்டாள். இரண்டு கையெழுத்தும் இருக்கிறதா என்று சரிபார்த்து உள்ளே அனுப்பினேன். அன்றைக்கு மத்தியானம் நான் தயிர்சாதம் சாப்பிட்டேன், மாங்காய் ஊறுகாய் நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையலாம் போல் வருகிறது.

கருத்து உள்ள ஆள் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவர் இருந்தார். மூத்த நர்ஸ், போத்தனூர்க்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நாங்கள் எல்லாரும் சிஸ்டர் என்போம். கருக்கலைப்பு நடக்கும் அறைக்குள் அவர் போகமாட்டார். "அது ஒரு உசுரு. என் மனசுல அதுல சந்தேகமே இல்ல" என்று டாக்டரம்மாவிடமே சொல்லிவிட்டார், டாக்டரம்மாவும் அவரை அந்த வேலைக்குக் கூப்பிடுவதில்லை. ஆனால் வேலை முடிந்து அந்தப் பெண் வெளியே வந்து படுத்ததும், சர்க்கரை தூக்கலாகப் போட்டு டீ கொண்டுபோய்க் கொடுப்பது அவர்தான். ஒரு வார்த்தை புத்தி சொல்லமாட்டார். புத்தி சொல்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கணவர் கையெழுத்து வேண்டும் என்றால், ஊரில் என்ன செய்வார்கள்? கணவரைக் கொண்டுவருவார்கள். அண்ணனைக் கணவர் என்று கூட்டிவந்தவள் உண்டு, பக்கத்து வீட்டுக்காரரை இழுத்துவந்தவள் உண்டு. அவர்களைப் பிடிப்பதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. பெண்ணிடம், "உங்க ஊட்டுக்காரர் பேரு?" என்று கேட்பேன். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் நல்ல பொண்டாட்டி எவளும் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டாள். நெளிவாள், முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள், "பழனியில இருக்கற சாமி பேருங்க" என்று துப்புக் கொடுப்பாள். நானே என் கணவர் பேரை பேங்க்கில் கேட்டால் துண்டுத் தாளில் எழுதிக் காட்டுகிற ஜென்மம். ஆகவே எவள் நெளிகிறாளோ அவள் நிஜ மனைவி. எவள் பட்டென்று சொல்கிறாளோ அவள் பொய். போலீஸ்காரர்கள் என்னிடம் பாடம் படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படித்தான் அவள் மாட்டினாள். மில்லில் கோன் வைண்டிங்கில் நூல் சுற்றுகிறவள், முப்பது வயதிருக்கும், தலையில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு பத்து வாரம் என்று சீட்டில் எழுதி, ஃபாரம் நிரப்பிக்கொண்டு நாளைக் காலையில் வரச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் முடிவு செய்தால் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு டாக்டர் சேர்ந்து சொல்ல வேண்டும் என்பது நிஜமான சட்டம். எங்கள் டாக்டரம்மா பன்னிரண்டைத் தாண்டினால் தொடமாட்டார். அவளுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊட்டுக்காரர் பேரு?"

நெளியவில்லை. இனிஷியலோடு சொன்னாள்.

எனக்கு உள்ளே மணி அடித்தது. எட்டி அந்த மனிதரைப் பார்த்தேன். எதிரில் உள்ள ஆட்டோ ஸ்டாண்டில் தினமும் பார்க்கிற முகம். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

"கல்யாணம் ஆகி எத்தன வருசமாச்சுங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"அது ஆச்சுங்க ஒரு..." என்று அவர் அவளைப் பார்த்தார். அப்புறம், "வண்டியக் குறுக்க நிறுத்திப்போட்டு வந்துட்டனுங்க, இதா வாரேன்" என்று எழுந்தவர் திரும்பி வரவேயில்லை.

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கவுண்டரில் இரண்டு கையையும் வைத்து மெதுவாகப் பேசினாள்.

"தப்புத்தானுங்க. அவரு மேல ஒண்ணுமில்லீங்க, நான்தானுங்க கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். எங்க ஊட்டுக்காரரு லாரிலீங்க. லோடு ஏத்திட்டு குஜராத் போயிருக்குறாருங்க, வர இருவது நாளாகுமுங்க. அதுக்குள்ள நாள் தாண்டிப் போயிருமுங்க."

"அவர் வரட்டும். வந்தப்புறம் கூட்டிட்டு வாங்க."

"சின்னதுக்கு இன்னும் பத்து மாசங்கூட ஆகலீங்க. அதப் பெத்தப்பவே ரத்தம் நிக்காம பொழச்சது மறு பொழப்புங்க. மில்லுல ஆறு வருசமா டெம்ப்ரவரிங்க, இந்தத் தடவ பர்மனென்ட் லிஸ்ட்ல பேரு இருக்குதுங்க. வயித்தத் தள்ளிட்டுப் போனா பேர அடிச்சுப்போடுவாங்க. நானே கையெழுத்துப் போடறனுங்க. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க."

"நீங்க போட்டாப் பத்தாதுங்க. சட்டமுங்க. நான் என்ன பண்றது?" என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். சும்மா அனுப்பவும் மனசு வரவில்லை, ஒரு புத்தியும் சேர்த்துச் சொன்னேன். "வந்ததை வேண்டாம்னு சொல்லாதீங்க அம்மணி. எத்தன பேரு இல்லாமத் தவிக்கறாங்க."

"செரீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் கோபம் வந்தாலும் அந்த 'ங்க' போகாது. அதனால் அவள் கோபப்பட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் நான் முயற்சி பண்ணவில்லை. சாயந்திரம் வீட்டுக்குப் போய் ஆட்டோக்காரர் ஓடிய கதையை நடித்தே காட்டினேன். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமியார் முதல் தடவையாக, "பரவால்ல, கெட்டிக்காரிதான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் சிஸ்டர் என் கவுண்டர் பக்கம் வந்து நின்றார்.

"நேத்து மில்லுக்காரப் புள்ளையத் திருப்பி அனுப்பிச்சியாமா?"

"ஆமாங்க சிஸ்டர். டூப்ளிகேட் புருஷன்."

"அவ புருஷன் கையெழுத்து எதுக்கு?"

"சட்டமுங்க."

"எந்தச் சட்டம்? எடுத்துக் காட்டு பாக்கலாம்."

என்னிடமா கேட்கிறார்? பீரோவைத் திறந்து, அடித் தட்டில் இருந்த அரசாங்கத் தாள்களை எல்லாம் அள்ளி வெளியே போட்டேன். பழைய ஃபாரம் கிடைத்தது. கீழே இடது பக்கம் பெண்ணின் கையொப்பம். வலது பக்கம் மொட்டை. விதிமுறைத் தாளையும் புரட்டினேன். வயது வந்த பெண்ணாக இருந்தால் அவள் சம்மதம் மட்டும் போதும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அச்சாபீசின் மை வாசனை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"சீட்டுல அட்ரஸ் இருக்குமில்ல?" என்றார் சிஸ்டர்.

"போத்தனூர்தானுங்க சிஸ்டர். உங்க பக்கம்தான். நீங்க போகும்போது ஒரு வார்த்தை..."

"நான் போயிக் கூப்புடமாட்டேன் கண்ணு. என் மனசு எடங்குடுக்காது. பாவமா இல்லையாங்கறது அவளுக்கும் கர்த்தருக்கும் நடுவுல. ஆனா இல்லாத சட்டத்தச் சொல்லி அவள அனுப்புனது நீ. நீதான் போவோணும்."

போயிருக்க வேண்டும். ஒரே பஸ், அரை மணி நேரம். அன்றைக்கு மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் மருந்து ஸ்டாக் எடுக்கிற நாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து. நிஜக் காரணம் என்ன என்று கேட்கிறீர்களா? போனால் அவள் வாசலில் நின்று, "அப்படி ஒரு சட்டமே இல்லைங்க, இடம் காலியா இருந்துச்சுன்னு நான்தான் போட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்கிற வாய் எனக்கு இல்லை. அவளே திரும்பி வந்தால் சத்தம் காட்டாமல் உள்ளே விட்டுவிடலாம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் ஏன் வருவாள்? சட்டம் என்றல்லவா சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து வந்தாள், நிஜப் புருஷனோடு. வண்டியை நிறுத்திய கையோடு குளிக்காமல் வந்திருந்தார். டீசல் வாசனை அடித்தது. "எங்கீங்க போடோணும்?" என்று கேட்டுவிட்டு, நான் இன்னும் எடுக்காமல் வைத்திருந்த வலது பக்கக் கோட்டில் கோணல்மாணலாகப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தப்பா நெனச்சுக்காதீங்க. லோடு எறக்குனா நான் கையெழுத்துப் போடுவனுங்க, அது என்ற பொறுப்பு. இது அவ ஒடம்புங்க. இதுக்கு என்ற கையெழுத்து எதுக்குங்க?" என்றார். எட்டாம் வகுப்புத் தாண்டாத மனிதர். நான் பி.காம்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுத் தலையை ஆட்டினார். பதின்மூன்று முடிந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் புருஷன் லோடுக்குக் கிளம்பிவிட, அவள் தனியாகப் போய் ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்றாளாம். இன்னொரு நாள் வரச் சொன்னார்களாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மறுபடி போக முடியவில்லை என்று சிஸ்டர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு டோக்கன் கட்டை அடுக்கினேன்.

பிரசவத்துக்கு எங்களிடமே வந்தாள். அவள் பயந்தபடியே ரத்தம் நிற்கவில்லை. இரண்டு பாட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. சாயந்திரம் வரை டாக்டரம்மா வெளியே வரவில்லை. சிஸ்டர் உள்ளே ஓடுவதும் வருவதுமாக இருந்தார். எதிர் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோக்காரர் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். நான் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கும்பிடாத சாமி இல்லை நான் அன்றைக்கு. அவள் செத்துப்போனால் அது என் புள்ளிக்கோட்டில்தான் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை, மூன்று கிலோ.

அதற்கப்புறம் என் மூளை என்ன வேலை பண்ணியது என்கிறீர்கள்! ஆயா, "நீ அன்னைக்குத் தடுக்கலீன்னா இந்தத் தங்கம் ஏது?" என்றாள். மாமியார், "ஒரு உசுரக் காப்பாத்திப்போட்ட" என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொன்னார். நானும் மெல்ல மெல்ல நம்பிவிட்டேன். ஒரு நாள் சிஸ்டரிடம், "உங்களுக்கும் சந்தோசம்தானுங்களே?" என்று வாயைக் கொடுத்தேன்.

"எனக்குச் சந்தோசம்தான். நான் சந்தோசப்படலாம், நீ படக்கூடாது" என்றார்.

"ஏனுங்க சிஸ்டர்?"

"நான் உசுருன்னு நம்பறேன். நீ என்னத்த நம்பித் தடுத்த? ஃபாரத்த நம்பித்தான?"

சுருக்கென்றது. அன்று சாயந்திரமே அச்சாபீசுக்குப் போய், அந்தக் கோட்டை எடுத்துவிட்டு அடிக்கச் சொன்னேன். "மொட்டையாப் போயிருமுங்களே" என்றார் அவர். "போகட்டுமுங்க" என்றேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "நானும் பாத்துட்டுத்தானே விட்டேன்" என்றார். மிச்சமிருந்த பழைய ஃபாரங்களைக் கிழித்துப் போட்டேன். அத்தோடு என் பாவம் தீர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பழையபடி பேனாவைக் காதில் செருகினேன்.

தடுப்பூசி போடுகிற நாளில் அவள் குழந்தையோடு வந்தாள். கூட்டம் நெரிந்தது. சீட்டு எழுதும்போது, "மில்லுக்குப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"லிஸ்ட்ல பேர அடிச்சுப்போட்டாங்க. இப்ப பஞ்சு குடோனுக்குப் போறனுங்க, தெனக்கூலிக்கு."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். குழந்தை என் பேனாவைப் பிடிக்கக் கையை நீட்டியது. கன்னம் குண்டாக, கண் நிறைய மையோடு, அவ்வளவு அழகு. நாக்கு சும்மா இருக்குமா எனக்கு?

"பாப்பாவப் பாருங்க, என்ன சிரிப்பு சிரிக்குது. அன்னைக்கு நான் திருப்பி அனுப்புனது ஒரு வகைல நல்லதாத்தான் போச்சு, இல்லீங்களா?"

அவள் குழந்தையின் குல்லாயைச் சரிப்படுத்தினாள். முகத்தில் கோபம் இல்லை.

"நெம்ப நல்ல கொழந்தைங்க. இவ இல்லாம எனக்கு ஒரு நாளு ஓடாதுங்க" என்றாள்.

நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

"அன்னைக்கு வேண்டாம்னு சொன்னது நான்தானுங்க. இன்னைக்கு இவ வேணும்னு சொல்றதும் நான்தானுங்க. ரெண்டுக்கும் நடுவால நீங்க யாருங்க?"

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முந்தின டோக்கனில் ஊசி போட உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை. ஆனாலும் நான் குரலைத் தாழ்த்தி, "அடுத்த டோக்கன்" என்றேன். அவள் நகரவில்லை. குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, நான் பதில் சொல்வேன் என்று அங்கேயே நின்றாள்.